நாடு பிறக்குமுன் எழுதிய சட்டம்

மண்ணச்சநல்லூரிலிருந்து சென்னைக்குத் திருப்பயணம் செல்வோர் பெரும்பாலும் இரண்டு இடங்களைத் தவறவிடுவதில்லை. ஒன்று புனித தோமையார் மலை. மற்றொன்று பாரிமுனையை அடுத்த அரண்மனைக்காரத் தெருவில் உள்ள அந்தோனியார் திருத்தலம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரார் சிலருடன் நானும் அங்குச் சென்றிருந்தேன். அரிசி ஆலையொன்றில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்களுடன் வந்திருந்தார். மன்றாட்டு முடிந்து வெளியே வந்தபோது அவர் கேட்டார்: "அரண்மனைக்காரத் தெரு என்கிறார்களே, இங்கே எந்த ராஜாவுக்கு அரண்மனை இருந்தது?"

அங்கு அரசரும் இருந்ததில்லை, அரண்மனையும் இருந்ததில்லை. ஆர்மீனியர் வாழ்ந்த தெரு அது. 'ஆர்மீனியன்' என்ற அயற்சொல்லை நம் மக்கள் தங்கள் நாவுக்கு இசைந்தபடி 'அரண்மனைக்காரன்' என்று ஆக்கிக்கொண்டார்கள். நாடிழந்து வந்த ஒரு மக்களுக்கு நம் மொழி அறியாமலே ஓர் அரண்மனையைக் கொடுத்துவிட்டது!

பெரியவருக்கு இதைச் சொன்னபோது அவர் விடவில்லை. "அந்த நாடு இப்போது எங்கே இருக்கிறது? நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டார். எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை எளிது. நன்றாக இருக்கிறதா என்பதற்கு அந்நாட்டு ஆளுங்கட்சியார் ஒரு விடை சொல்வர். எதிர்க்கட்சியார் நேர்மாறான விடை சொல்வர். இரண்டையும் கேட்பதற்கு முன், அந்நாட்டுக்கும் நம் தமிழகத்துக்கும் உள்ள ஒரு பழைய உறவை நாம் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில், ஆர்மீனியா ஒரு குடியரசாகப் பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பே, அதற்கான அரசியலமைப்புச் சட்டம் ஒன்று சென்னையில் எழுதப்பட்டு, சென்னையிலேயே அச்சேறியது.

வணிகரும் நூலும்

ஆர்மீனியர் கி.பி. 301ஆம் ஆண்டிலேயே கிறிஸ்தவத்தை அரசு சமயமாக ஏற்றவர்கள் என்பது மரபு. அவர்களுடைய திருச்சபை உரோமையோடு ஒன்றித்ததன்று. எனினும் அது தொன்மையான அப்போஸ்தலத் திருச்சபை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2001இலும், திருத்தந்தை பிரான்சிஸ் 2016இலும் அந்நாட்டுக்குச் சென்று அத்திருச்சபையின் தலைவரோடு இறைவேண்டலில் இணைந்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்மீனியருக்கு நாடு இல்லை. அவர்கள் மண் துருக்கியப் பேரரசுக்கும் பாரசீகத்துக்கும் இடையே பங்கு போடப்பட்டிருந்தது. பாரசீகத்தின் இஸ்பகான் நகரை அடுத்த புதிய ஜூல்பா என்னும் குடியிருப்பிலிருந்து ஆர்மீனிய வணிகர் பலர் கடல் கடந்து சென்னைக்கு வந்து குடியேறினர். அவர்களுள் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்பவரின் கொடையை நம்மில் பலர் காலால் மிதித்தே அறிந்திருக்கிறோம். தோமையார் மலைக்கு ஏறும் கற்படிகளை அமைத்தவர் அவரே. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டியவரும் அவரே. கட்டியதோடு நில்லாமல், அவற்றைப் பழுதுபார்த்துப் பேணுவதற்கென்று பணமும் ஒதுக்கி வைத்தார். 1751இல் அவர் மறைந்தார்.

உஸ்கானுக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர் ஷாஹாமிர் ஷாஹாமிரியன். 1723இல் புதிய ஜூல்பாவில் பிறந்து, சென்னையில் பெரும்பொருள் ஈட்டி, 1797இல் சென்னையிலேயே இறந்தவர். முன்னவர் கல்லால் பாலம் கட்டினார் என்றால், இவர் தாளால் ஒரு நாட்டைக் கட்ட முனைந்தார் எனலாம். 1770களின் தொடக்கத்தில் தம் மகன் ஹாகோபின் பெயரால் சென்னையில் ஓர் ஆர்மீனிய அச்சுக்கூடத்தை நிறுவினார். அங்கிருந்து 1772இல் மோவ்செஸ் பாக்ராமியன் என்னும் ஆசிரியர் எழுதிய 'புதிய ஏடு' என்ற நூல் வெளிவந்தது. ஆர்மீனியர் தம் நாட்டை இழந்ததற்கு அயலார் வலிமை மட்டும் காரணமன்று. தம் அரசர்கள் கட்டற்ற அதிகாரத்தோடு ஆண்டதும் காரணம் என்று அந்நூல் துணிந்து கூறியது. அரண்மனைக்காரத் தெருவில் இன்றும் நிற்கும் ஆர்மீனிய ஆலயமும் அதே 1772இல் எழுந்ததே.

அடுத்து வந்தது 'புகழின் கண்ணி' என்று பொருள்படும் பெயர் கொண்ட நூல். முகப்பில் 1773 என்ற ஆண்டு இருப்பினும், அது முழுமையாக அச்சாகி வெளிவந்தது 1780களின் பிற்பகுதியில் என்பது ஆய்வாளர் கருத்து. அதில், வருங்கால ஆர்மீனியக் குடியரசுக்கான 521 சட்டப்பிரிவுகள் இருந்தன. அரசர் இல்லை. மக்கள் தேர்ந்தெடுக்கும் பேரவை சட்டம் இயற்றும். ஆட்சித் தலைவர் பிறப்புரிமையால் வருபவர் அல்லர். குறித்த காலம் ஆண்டு இறங்குபவர். அந்த மண்ணில் பிறந்தவரும் வெளியிலிருந்து வந்தவரும் சட்டத்தின்முன் சமம். ஆண் பெண் இருபாலாருக்கும் கல்வி கட்டாயம். நூலின் பெயரை நான் இவ்வாறு பொருள்கொள்கிறேன்: புகழ் தேடி ஆட்சிக்கு வருபவனைப் பிடித்து நிறுத்தும் கண்ணியாகச் சட்டம் இருத்தல் வேண்டும்.

அந்நூலில் குறையே இல்லை என்று சொல்லலாகாது. நாட்டின் தலைமைப் பொறுப்பு ஆர்மீனியத் திருச்சபையைச் சேர்ந்தவருக்கே உரியது என்று அது வரையறுத்தது. கண்ணில் காணாத நாட்டுக்கு எல்லையோ படையோ ஏது? எழுதியவரே ஜார்ஜியாவின் அரசர் இரண்டாம் எரெக்லேயின் ஆதரவைத் தேடிக் கடிதங்கள் எழுதினார். அரசரற்ற நாட்டை எழுதியவர் அரசரையே நாட வேண்டியிருந்தது. காலம் அப்படி.

கொள்ளிடக் கரையில் அதே காலம்

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதை நம் ஊர்ப்பக்கத்திலேயே காணலாம். ஆர்க்காட்டு நவாபு பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் போட்டியிட்டனர். ஒருவர் பக்கம் ஆங்கிலேயர். மற்றவர் பக்கம் பிரெஞ்சுக்காரர். முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் இருந்தார். சந்தா சாகிபு வெளியே முற்றுகையிட்டிருந்தார். இன்றைய சொல்லால் சொன்னால் உள்ளே ஆளுங்கட்சி, வெளியே எதிர்க்கட்சி. யார் உள்ளே, யார் வெளியே என்பதும் நாளுக்கு நாள் மாறக்கூடியதாக இருந்தது. 1752இல் கிளைவின் படை கொள்ளிடத்தின் வடகரையில், நம் சமயபுரம் பகுதியில் தங்கிப் போரிட்டது. அவ்வாண்டு ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லா திருவரங்கத் தீவில் சரணடைந்தார். சந்தா சாகிபின் தலை கொய்யப்பட்டது. போட்டி அவ்வாறு முடிந்தது.

அன்று தோற்றவனுக்கு நாளை என்று ஒன்று இருந்ததில்லை. தோற்றவனை உயிரோடு விட்டால் அவன் படை திரட்டி மீண்டும் வருவான் என்று வென்றவன் அஞ்சினான். அந்த அச்சத்துக்கு இடமளிக்காத ஏற்பாடு ஒன்று உண்டா? உண்டு என்று சொன்னதுதான் சென்னையில் அச்சான அந்த நூலின் சிறப்பு. தோற்றவனும் நாட்டிலேயே வாழலாம். காலம் முடிந்ததும் மீண்டும் மக்களிடம் போகலாம். வென்றவனும் இறங்கியாக வேண்டும். இதனைத்தான் அந்த 521 பிரிவுகளும் சுற்றிச் சுற்றிச் சொல்லின.

மேய்ப்பரின் அச்சம்

நூலுக்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? பாரசீகரிடமிருந்தோ துருக்கியரிடமிருந்தோ அன்று. ஆர்மீனியத் திருச்சபையின் தலைவராய் எச்மியாட்சினில் வீற்றிருந்த கத்தோலிக்கோஸ் சிமியோன் 'புதிய ஏட்டை'க் கண்டித்தார். படிகளை எரிக்குமாறு ஆணையிட்டார்.

இதைப் படிக்கும்போது, அறிவொளியை அணைக்க முனைந்த சமயத்தலைவர் என்று அவரை உடனே தீர்ப்பிடத் தோன்றும். ஆனால் அவரும் நூலுக்குப் பகைவர் அல்லர். சென்னை ஆர்மீனிய வணிகர் ஒருவரின் பொருளுதவியோடு எச்மியாட்சினில் அச்சுக்கூடம் கண்டவர் அவரே. அவருடைய மடம் பாரசீகத்துக்கு உட்பட்ட ஆளுநரின் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. சென்னையில் பாதுகாப்பாக இருந்துகொண்டு விடுதலையைப் பற்றி எழுதுவோர் எழுதலாம்; அதற்கான தண்டனையை அனுபவிப்பது அங்குள்ள உழவர்களும் துறவியரும் அல்லவா என்பது அவர் அச்சமாக இருந்திருக்க வேண்டும். தொலைவில் இருப்பவருக்கு நாடு ஒரு கனவு. அங்கேயே இருப்பவருக்கு நாடு என்பது நாளைக்கு விதைக்க வேண்டிய வயல். இருவர் அன்பும் உண்மையானதே. எனினும் இருவர் கணக்கும் ஒன்றாயிராது. கடல் கடந்து வாழும் உறவினரைப் பெற்ற தமிழராகிய நமக்கு இது புதிய செய்தியன்று.

ஆர்மீனியாவின் அரசியலில் இன்றுவரை ஓயாத வாக்குவாதம் இங்கேயே தொடங்கிவிட்டது எனலாம்: உரிமை முழுவதையும் கோரி நிற்பதா, உள்ளதைக் காத்துப் பிழைப்பதா?

1794 அக்டோபரில் அருட்தந்தை ஹாருத்யூன் ஷ்மாவோனியன் 'அஸ்தரார்' என்ற திங்களிதழைச் சென்னையில் தொடங்கினார். உலகில் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் அதுவே. பதினெட்டு இதழ்களோடு 1796இல் நின்றுபோயிற்று. பின்னர் சென்னை ஆர்மீனியர் படிப்படியாகக் குறைந்தனர். தெருவின் பெயரும் ஆலயத்தின் மணிகளும் எஞ்சின.

நாடு பிறந்தது

1828இல் கிழக்கு ஆர்மீனியா உருசியப் பேரரசின் கைக்கு மாறியது. 1915இல் துருக்கியப் பேரரசில் ஆர்மீனியர் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டனர். அந்தக் குருதி காயாத நிலையில் 1918 மே 28 அன்று முதல் குடியரசு பிறந்தது. 1920 டிசம்பரில் அது சோவியத்து ஆட்சிக்குள் அடங்கியது. எழுபது ஆண்டுகளுக்குப் பின், 1991 செப்டம்பர் 21 அன்று நடந்த வாக்கெடுப்பில் மக்கள் விடுதலையைத் தேர்ந்தனர்.

பிறந்த நாடு சிறியது. பரப்பு 29,743 சதுர கிலோமீட்டர். நம் தமிழகத்தில் கால் பங்குக்கும் குறைவு. மக்கள் ஏறத்தாழ முப்பது இலட்சம். கடற்கரை இல்லை. அண்டையில் அசர்பைஜானோடு நகோர்னோ-கராபாக் என்னும் மலைநாட்டுக்காகப் போர். அது அசர்பைஜானுக்குள் அமைந்திருந்தாலும் அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் ஆர்மீனியர். 1994இல் போர் ஓய்ந்தபோது அம்மலைநாடும் அதைச் சுற்றியிருந்த அசர்பைஜான் மாவட்டங்களும் ஆர்மீனியர் கைவசம் இருந்தன. அம்மாவட்டங்களில் வாழ்ந்த இலட்சக்கணக்கான அசர்பைஜானியர் வீடிழந்து அகதிகளாயினர் என்பதையும் நாம் மறக்கலாகாது. அசர்பைஜானும் துருக்கியும் ஆர்மீனியாவுடனான எல்லைகளை மூடின. ஜார்ஜியா, ஈரான் என்ற இரு வாயில்கள் மட்டுமே திறந்திருந்தன.

இந்நிலையில்தான் வருங்காலத்தைப் பற்றிய இரு பார்வைகள் மோதின. முதல் குடியரசுத் தலைவர் லெவோன் தெர்-பெத்ரோசியன் 1997இல் தம் கருத்தை வெளிப்படையாக எழுதினார். காலம் நம் பக்கம் இல்லை. எண்ணெய் வளமுள்ள அண்டை நாடு வலுப்பெற்றுவரும். இன்று விட்டுக்கொடுத்துச் சமாதானம் செய்யாவிடில் நாளை இன்னும் குறைவாகவே கிடைக்கும் என்பது அவர் வாதம். வென்ற மண்ணை ஏன் கொடுக்க வேண்டும்? உறுதியாக நின்றால் காலப்போக்கில் உலகம் ஏற்றுக்கொள்ளும் என்பது மறுதரப்பின் வாதம். மறுதரப்பில் இருந்தவர்கள் எதிர்க்கட்சியினர் மட்டுமல்லர்; அவருடைய தலைமை அமைச்சர் ராபர்ட் கோச்சாரியனும் அத்தரப்பினரே. 1998 பிப்ரவரியில் தெர்-பெத்ரோசியன் பதவி விலகினார். கோச்சாரியன் குடியரசுத் தலைவரானார்.

இருபது ஆண்டுகள் கழித்து வரலாறு என்ன செய்தது என்பதைப் பின்னர்க் காண்போம். அதற்குமுன் கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு.

இடம் மாறிய மூவர்

தெர்-பெத்ரோசியன் ஆட்சியில் இருந்தபோது 1996 செப்டம்பரில் தேர்தல் நடந்தது. தாம் வென்றதாக அவர் அறிவித்தார். முறைகேடு என்றனர் எதிர்க்கட்சியினர். பாராளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தனர். தலைநகர் எரெவானின் தெருக்களில் படை இறக்கப்பட்டது. நாடு நிலைகுலையாதிருக்க இது தேவை என்றது அரசு.

2008இல் அதே தெர்-பெத்ரோசியன் எதிர்க்கட்சி வேட்பாளராக நின்றார். இப்போது முறைகேடு என்று முழங்கியவர் அவர். மார்ச் 1 அன்று நடந்த மோதலில் பத்துப் பேர் உயிரிழந்தனர். நெருக்கடி நிலையை அறிவித்தவர் அப்போதைய குடியரசுத் தலைவர் கோச்சாரியன். நாடு நிலைகுலையாதிருக்க இது தேவை என்றார் அவரும். அன்று எதிரணியில் முழங்கிய இதழாளர் நிக்கோல் பஷின்யான் முதலில் தலைமறைவாகி, பின்னர்ச் சிறை சென்றார்.

2018இல் சக்கரம் மீண்டும் சுழன்றது. இருமுறை குடியரசுத் தலைவராக இருந்த செர்ஜ் சர்க்சியன், அரசியலமைப்பைத் திருத்தித் தலைமை அமைச்சர் பதவிக்கு அதிகாரத்தை மாற்றி, தாமே அப்பதவியில் அமர்ந்தார். சென்னை நூலாசிரியர் 'கண்ணி' வைத்தது இத்தகைய செயலுக்காகவே அல்லவா? மக்கள் தெருவுக்கு வந்தனர். ஒரு வாரத்திற்குள், ஏப்ரல் 23 அன்று, அவர் தம் பிழையை ஒப்புக்கொண்டு பதவி விலகினார். ஓர் உயிரும் போகவில்லை. மே 8 அன்று பஷின்யான் தலைமை அமைச்சரானார். முன்னாள் குடியரசுத் தலைவர் கோச்சாரியன் 2008 நிகழ்வுகளுக்காக வழக்கில் நிறுத்தப்பட்டார். பின்னர் 2021 தேர்தலில் அவரே முதன்மை எதிர்க்கட்சி அணியின் தலைவரானார்.

மூவரும் ஆளுங்கட்சியாகவும் இருந்திருக்கின்றனர், எதிர்க்கட்சியாகவும் இருந்திருக்கின்றனர். ஆட்சியில் இருந்தபோது ஒவ்வொருவரும் சொன்னது, நிலைத்தன்மை வேண்டும் என்பது. வெளியில் இருந்தபோது ஒவ்வொருவரும் சொன்னது, நாடு அழிவை நோக்கிச் செல்கிறது என்பது. ஆள் மாறினாலும் சொல் மாறவில்லை. நாற்காலியே பேசியது என்று தோன்றுகிறது.

இதற்கிடையில் 1999 அக்டோபர் 27 அன்று நடந்ததை நினைத்தால் இன்றும் உள்ளம் நடுங்குகிறது. துப்பாக்கி ஏந்தியோர் பாராளுமன்றத்துக்குள் நுழைந்து தலைமை அமைச்சர் வாஸ்கென் சர்க்சியனையும் அவைத்தலைவர் கரேன் தெமிர்ச்சியனையும் உள்ளிட்டு எட்டுப் பேரைச் சுட்டுக்கொன்றனர். எதிரணியினரை நாட்டின் பகைவர் என்று பேசிப் பழகிய நாட்டில், அச்சொல்லை உண்மையென்று நம்பித் துப்பாக்கி எடுக்கச் சிலர் வந்துவிடுகின்றனர்.

தோல்வியும் இரு விடைகளும்

2020 செப்டம்பர் 27 அன்று மீண்டும் போர் மூண்டது. நாற்பத்து நான்கு நாள்களில் ஆர்மீனியத் தரப்பு தோற்றது. சுற்றியிருந்த மாவட்டங்கள் கைவிட்டுப் போயின. 2023 செப்டம்பரில் எஞ்சிய மலைநாடும் வீழ்ந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர் சில நாள்களில் வீடும் கல்லறையும் கோவிலும் விட்டு வெளியேறினர். 1990களில் அசர்பைஜானியர் சுமந்த அகதி வாழ்வை இப்போது இவர்கள் சுமந்தனர்.

எனவே தெர்-பெத்ரோசியன் 1997இல் சொன்னதே சரி என்பர் ஒரு சாரார். அன்று விட்டுக்கொடுத்திருந்தாலும் அண்டை நாடு அதோடு நின்றிருக்குமா என்று கேட்பர் மற்றொரு சாரார். நடக்காத வரலாற்றை யார் அறிவார்?

இத்தோல்விக்குப் பின் அரசும் எதிர்க்கட்சியும் நாட்டின் வருங்காலத்தைப் பற்றிக் கூறியவற்றைச் சுருக்கமாக இங்கே தருகிறேன். பஷின்யானின் அரசு கூறியது: உலகம் ஏற்ற எல்லைக்குள் உள்ள 29,743 சதுர கிலோமீட்டரே உண்மையான ஆர்மீனியா. இழந்ததைப் பற்றிய கனவு இருப்பதையும் அழித்துவிடும். அண்டை நாடுகளோடு சமாதானம் செய்து, மூடிய வாயில்களைத் திறந்தால் நாடு பிழைக்கும். 2025 ஆகஸ்டு 8 அன்று வாஷிங்டனில் சமாதான ஒப்பந்த வரைவில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் சுருக்கொப்பமிட்டதை அரசு தன் பார்வைக்குக் கிடைத்த வெற்றியாகக் காட்டியது.

எதிர்க்கட்சிகள் கூறியவை வேறு: இது சமாதானமன்று, தவணை முறையில் சரணடைதல். அகதிகள் திரும்பிச் செல்லும் உரிமை என்னாயிற்று? பாக்குவில் சிறையிருப்போர் என்னாயினர்? ஒன்று கொடுத்தவனிடம் மற்றொன்றும் கேட்பார்கள். வரலாற்றை மறந்த மக்களுக்கு வருங்காலம் ஏது?

படித்துப் பார்த்தால், இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இரண்டிலும் அச்சமும் இருக்கிறது. முன்னவர் அடுத்த போரை அஞ்சுகின்றனர். பின்னவர் அடுத்த சரணடைதலை அஞ்சுகின்றனர். 1772இல் சென்னை வணிகரும் எச்மியாட்சின் கத்தோலிக்கோசும் கொண்டிருந்த அதே இரு அச்சங்கள்! ஆனால் இடம்தான் மாறியிருக்கிறது. அன்று பொறுமை பேசிய திருச்சபை இன்று எதிர்ப்பின் பக்கம் நிற்கிறது.

2024இல் எல்லையோரச் சிற்றூர்கள் சில அசர்பைஜானுக்குத் திருப்பித் தரப்பட்டபோது, அப்பகுதியின் பேராயர் பக்ராத் கல்ஸ்தான்யான் மக்களைத் திரட்டி எரெவானுக்கு நடந்து வந்தார். தலைமை அமைச்சர் விலக வேண்டும் என்று முழங்கினார். அரசியல் போராட்டத்துக்காகத் தம் மேய்ப்புப் பணியிலிருந்து விடுவிக்குமாறும் கேட்டுக்கொண்டார். 2025இல், ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாகக் குற்றஞ்சாட்டி அரசு அவரைச் சிறையிலிட்டது. அவர் அதனை மறுத்தார். அதே ஆண்டில் மற்றொரு பேராயரும் கைதானார். கத்தோலிக்கோஸ் இரண்டாம் கரேக்கின் பதவி விலக வேண்டும் என்று தலைமை அமைச்சர் வெளிப்படையாகக் கோரினார்.

வீடிழந்த மக்களின் கண்ணீரைக் கண்ட மேய்ப்பர் வாய் மூடியிருக்க முடியுமா? முடியாது என்றே நம் மனம் சொல்லும். ஆனால், ஆட்சியில் யார் அமர வேண்டும் என்ற போட்டியில் அவரே ஒரு தரப்பின் தலைவரானபின், மறுதரப்புக்கு வாக்களித்த குடும்பம் ஞாயிற்றுக்கிழமை எந்த ஆலயத்துக்குப் போகும்? இக்கேள்விக்கும் விடை வேண்டும். அதேபோல், விமர்சித்த மேய்ப்பரைச் சிறையிலிட்டு, திருச்சபைத் தலைவர் யார் என்பதிலும் கைவைக்க முனையும் அரசு, தான் எதிர்த்து வந்த பழைய ஆட்சிகளிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது? இதற்கும் விடை வேண்டும்.

நமக்குள் ஒரு சொல்

தொலைநாட்டுக் கதையாக இதைக் கேட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. 1967இல் நம் தமிழகத்தில் காங்கிரசு ஆட்சி தோற்றது. விருதுநகரில் காமராசரே தோற்றார். மறுநாள் யாரும் யாரையும் சுடவில்லை. பக்தவத்சலம் இறங்கினார், அண்ணா ஏறினார். 1977இல், நெருக்கடி நிலையை அறிவித்திருந்த இந்திரா காந்தி தேர்தலில் தோற்றதும் பதவி விலகினார். 1980இல் மக்கள் வாக்காலேயே மீண்டு வந்தார். திருவரங்கத் தீவில் 1752இல் தீர்ந்த விதத்தையும் இவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இடைப்பட்ட காலத்தில் நாம் பெற்றது எவ்வளவு பெரிய கொடை என்பது விளங்கும். அது தானாக வந்ததன்று. தானாக நிலைப்பதும் அன்று. எதிரணியினரை நாட்டின் பகைவர் என்று பேசும் வழக்கம் நம் மேடைகளிலும் உண்டு. நம் வீட்டுத் திண்ணைகளிலும் உண்டு. சில வேளை நம் பங்குப் பேரவைகளிலும் உண்டு.

வருங்காலத்தைப் பற்றி ஆளுங்கட்சி சொல்வதும் கணிப்பே. எதிர்க்கட்சி சொல்வதும் கணிப்பே. வருங்காலத்தை அறிந்தவர் இறைவன் ஒருவரே என்று நம்புகிற நாம், மனிதர் இருவருள் ஒருவர் அதனை முழுதும் அறிந்துவிட்டதாக எண்ணுவது எப்படிப் பொருந்தும்? இருவரும் தவறக்கூடும் என்பதனால்தான் இருவருக்கும் மேலே ஒரு சட்டம் வேண்டும். தவறியவர் இறங்கவும், தோற்றவர் உயிரோடும் மானத்தோடும் இருந்து மீண்டும் வரவும் அது வழிவிட வேண்டும். நாடில்லாத ஒரு வணிகர் சென்னையில் இருந்துகொண்டு 521 பிரிவுகளாக எழுதியது இந்தத் தாழ்ச்சியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பெரியவர் கேட்டாரே, அந்த நாடு நன்றாக இருக்கிறதா என்று? ஊர் திரும்பும் பேருந்தில் இவற்றையெல்லாம் என்னால் முடிந்த அளவு சொல்லிவந்தேன். கொள்ளிடப் பாலத்தைக் கடக்கும்போது அவர் சொன்னார்: "படி கட்டினவர் அதைப் பழுதுபார்க்கவும் பணம் வைத்துவிட்டுப் போனார் என்றீர்களே, சட்டத்துக்கும் அப்படி யாராவது வைத்திருக்க வேண்டும்."

அந்த வைப்புத்தொகையை எந்த வணிகரும் நமக்காக வைத்துவிட்டுப் போக முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் தன் கையிலிருந்தே போட வேண்டியது அது. அடுத்த முறை தோமையார் மலைப்படிகளில் ஏறும்போது, அதைக் கட்டியவரின் மக்களுக்காகவும், அவர்களோடு போரிட்டு வீடிழந்த அண்டை மக்களுக்காகவும் ஒரு மன்றாட்டுச் சொல்வோம். நம்மோடு அரசியலில் மாறுபடும் அண்டை வீட்டாருக்காகவும் ஒன்று சொல்வோம்.